தலை தீபாவளிக்கு ஒரு ஒப்புகை அட்டை

உத்திரமேரூர்
24.9.2024

மதிப்பிற்குரிய சம்பந்தி பன்னீர்செல்வம் அவர்களுக்கு,

ஏலவார்குழலி எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் என் போனுக்கு அனுப்பிய குரல் செய்தியை இரண்டு முறை கேட்டேன். சீர் பற்றிய பேச்சைப் போனில் வைத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. வாயால் சொன்னதை நாளைக்கு நீங்களும் மறுக்கலாம், நானும் மறுக்கலாம். இனி இந்த விஷயம் கடிதத்தில் நடக்கட்டும்.

நீங்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். தவறு இருந்தால் திருத்துங்கள். "சம்பந்தியம்மா, தல தீவாளிக்கு மாப்ளைக்கு ஒரு ஐபோன் வாங்கிக் குடுத்துடுங்க. வெலையப் பத்தி பேஜார் ஆவாதீங்க. லிங்க் அனுப்பிக்கிறேன் பாருங்க, எம்பதாயிரம் ரூபா போனு பதினெட்டாயிரத்துக்கு கீது. ஒண்டியா இருக்கறவங்க, உங்களுக்கும் சொமை கொறையும்."

என் சுமையைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதாக நினைவில்லை. சுபாஷ்ரீயைப் பெண் கேட்டு வந்த அன்று, "பொண்ணக் குடுங்க, அது போதும்" என்று நீங்கள் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது.

போகட்டும். நீங்கள் அனுப்பியதைத் திறந்து பார்க்காமல் ஒதுக்குவது மரியாதை இல்லை என்பதால் மூன்று நாள் பார்த்தேன். அதில் ஒரு கடிகாரம் ஓடுகிறது. சலுகை முடிய இன்னும் பதினோரு நிமிடம் என்கிறது. பதினோரு நிமிடம் காத்திருந்தேன். முடிந்ததும் மறுபடி பதினோரு நிமிடத்திலிருந்து ஆரம்பித்தது. நான்கே போன் மீதி என்று ஞாயிற்றுக்கிழமை சொன்னது. இன்றும் நான்குதான். வாங்கியவர்கள் எழுதிய பாராட்டுகள் இருநூற்றுக்கு மேல் இருக்கின்றன, எல்லாம் ஒரே தேதியில். பொருள் கைக்கு வந்த பிறகு பணம் கொடுக்க வழி இல்லை. முன்பணத்தையும் கடையின் பெயருக்கு அனுப்பச் சொல்லவில்லை, யாரோ ஒரு தனி ஆள் பெயருக்கு அனுப்பச் சொல்கிறார்கள்.

பக்கத்தின் அடியில் டில்லிப் பக்கத்து முகவரி ஒன்று போட்டிருக்கிறது. அந்த முகவரிக்கு இன்று ஒரு பதிவுத் தபால் அனுப்பியிருக்கிறேன், ஒப்புகை அட்டையுடன். நான் தபால் நிலையத்தில் பதிவுத் தபால் கவுண்டரில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்தவள். கையெழுத்தோடு அட்டை திரும்பி வந்தால் அங்கே ஒரு கடை இருக்கிறது, பேசலாம். வராவிட்டால் பேச ஒன்றும் இல்லை.

தீபாவளிக்கு முந்தின நாள், முப்பதாம் தேதி, மாப்பிள்ளையையும் சுபாஷ்ரீயையும் அனுப்பி வையுங்கள். முறையாக அழைக்க நான் நேரில் வருவேன்.

இப்படிக்கு,
ஏலவார்குழலி


காஞ்சிபுரம்
29.9.2024

சம்பந்தியம்மா அவர்களுக்கு பன்னீர்செல்வம் வணக்கத்துடன் எழுதுவது.

உங்கள் கடிதம் வந்தது. நான் கடைசியாகக் கடிதம் எழுதியது என் தங்கை கல்யாணத்துக்கு. எட்டாவது வரைதான் படித்தவன். நீங்கள் கான்வென்டில் படித்தவர். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

நான் நல்லது நினைத்துச் செய்தேன். உங்கள் வீட்டுக்காரர் போனபிறகு நீங்கள் பென்ஷனில் இருப்பவர், கஷ்டப்படக் கூடாது என்று நினைத்தேன். அதைப் போய் போலீஸ்காரர் விசாரிக்கிற மாதிரி கடிகாரத்தையும் தேதியையும் பார்த்து எழுதியிருக்கிறீர்கள். என் சம்சாரம் அம்முலுவிடம் படித்துக் காட்டினேன். "குடுக்க மனசு இல்லைன்னா இல்லைன்னு சொல்லிட்டுப் போறது. அதுக்கு இன்னாத்துக்கு டில்லிக்குத் தபாலு?" என்று கேட்கிறாள்.

எங்கள் தொழிலே நம்பிக்கை. ரசீது இல்லாமல் பட்டு நூலையும் சரிகையையும் தூக்கித் தறிக்காரரிடம் கொடுக்கிறேன். புடவையாகத் திரும்பி வருகிறது. முப்பத்தைந்து வருடமாக யாரும் என்னை ஏமாற்றியது இல்லை. இந்த லிங்க்கை எங்கள் தெருவிலும் காட்டினேன். பதினோரு வீட்டில் வேண்டும் என்கிறார்கள். பன்னீர் சொன்னால் சரியாக இருக்கும் என்று சொல்கிறார்கள். நீங்கள் ஒருவர்தான் சந்தேகப்படுகிறீர்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். என் அண்ணன் மகனுக்குப் போன வருடம் தலை தீபாவளிக்கு மோட்டார் சைக்கிள் வந்தது. என் பையன் வெறும் கையோடு உங்கள் வீட்டிலிருந்து திரும்பி வந்தால் எங்கள் சொந்தத்தில் என்னைத்தான் பேசுவார்கள். போன் இருந்தால் பிள்ளைகள் வருவார்கள். இல்லாவிட்டால் தலை தீபாவளி இங்கேயே நடக்கட்டும். அழைக்க நேரில் வர வேண்டாம். மனக்கசப்பு வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
பன்னீர்செல்வம்


உத்திரமேரூர்
3.10.2024

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தில் எழுத்துப் பிழை எதுவும் இல்லை. மற்றபடி நிறைய இருக்கிறது.

ரசீது இல்லாமல் சரிகை கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். யாருக்குக் கொடுக்கிறீர்கள்? அவர் தகப்பனாரையும் உங்களுக்குத் தெரியும், தறி எந்த வீட்டில் எந்த மூலையில் நிற்கிறது என்பதும் தெரியும். அது நம்பிக்கை. முகம் தெரியாத ஒருவன் பையில் சரிகையைக் கொண்டுவந்து, கால் விலைக்குத் தருகிறேன், பதினோரு நிமிடத்துக்குள் வாங்கிக்கொள் என்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்? நான் தறிக்காரர் மகள், எனக்குத் தெரியும். நகத்தால் சுரண்டிப் பார்ப்பீர்கள். உள்ளே அசல் சரிகையின் சிவப்பு நூல் தெரியாவிட்டால் அவனை வாசலைத் தாண்ட விடமாட்டீர்கள். ஒரு மார்க் எடைச் சரிகைக்குச் செய்வதை எண்பதாயிரம் ரூபாய் போனுக்கு ஏன் செய்யவில்லை?

திங்கட்கிழமை சுபாஷ்ரீ போன் செய்தாள். "அம்மா, மாமா மூஞ்சி குடுத்துப் பேசறதில்லம்மா. வாங்கிக் குடுத்துட்டுதான் போயேன்" என்றாள்.

"உன் வீட்டுக்காரர் கேட்டாரா?"

"அவரு எங்கம்மா கேட்டாரு? இருக்கற போனே போதும்ங்கறாரு. மாமா எதிர்ல சொல்ல மாட்டேங்கறாரு."

எனக்கு இருப்பது ஒரே பெண். அவள் இல்லாத தீபாவளியை இந்த வீட்டில் நான் இதுவரை கொண்டாடியதில்லை. ஆறு வருடத்துக்கு முன், அவள் அப்பா இறந்த வருடம்கூட, இரண்டு பேரும் உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துக்கொண்டோம். அதைத்தான் நீங்கள் பிடித்து வைத்திருக்கிறீர்கள். எனக்கு அதன் விலை தெரியாது என்று நினைக்க வேண்டாம்.

இருந்தும் சொல்கிறேன். அந்தப் போனைக் காஞ்சிபுரம் கடையில் ரசீதோடு முழு விலைக்கு வாங்க என்னால் முடியும். முடிந்தும் வாங்க மாட்டேன். கேட்டு வாங்குகிற சீருக்குச் சட்டத்தில் வேறு பெயர் இருக்கிறது. உங்கள் மீதுள்ள மரியாதையால் அதை இங்கே எழுதவில்லை.

பதினோரு வீட்டுக்காரர்களிடம் என் அட்டை திரும்பும் வரை பொறுக்கச் சொல்லுங்கள். இதை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

ஏலவார்குழலி


காஞ்சிபுரம்
9.10.2024

சம்பந்தியம்மாவுக்கு,

உங்களுக்கு இனி எந்தச் சிரமமும் வேண்டாம். போன் வாங்கியாகிவிட்டது. நானே பணம் கட்டிவிட்டேன். உங்கள் பெயர், உங்கள் வீட்டு விலாசம், உங்கள் போன் நம்பர் கொடுத்திருக்கிறேன். பார்சல் உத்திரமேரூருக்கே வரும். தீபாவளி அன்று காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் மாப்பிள்ளை கையில் நீங்கள் கொடுத்தால் போதும். யார் வாங்கியது என்று எனக்கும் அம்முலுவுக்கும்தான் தெரியும். வெளியே போகாது. உங்கள் கௌரவம் என் கௌரவம்.

பிள்ளைகள் முப்பதாம் தேதி வருவார்கள்.

பன்னீர்செல்வம்


உத்திரமேரூர்
13.10.2024

சம்பந்தி அவர்களுக்கு,

என்னைக் கேட்காமல் என் பெயரில் நீங்கள் சீர் வாங்கியதைப் பற்றி முதலில் நான்கு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன். அதற்கு இப்போது நேரம் இல்லை.

நேற்றுக் காலை பதினொரு மணிக்கு எனக்கு ஒரு போன் வந்தது. கீரை விற்கும் முனியம்மாள் வாசலில் இருந்தாள், அவளும் கேட்டாள்.

"மேடம், எலவர்குழலியா? உங்க ஐபோன் பார்சல் சென்னையில நிக்குது மேடம். ரிலீஸ் சார்ஜ் நாலாயிரத்து தொள்ளாயிரம் கட்டணும். போன் டெலிவரி ஆனதும் ரிட்டர்ன் வந்துடும்."

"சென்னையில் எங்கே நிற்கிறது?"

"குடோன்ல மேடம்."

"குடோன் எந்தத் தெருவில்? ஆள் அனுப்பி எடுத்துக்கொள்கிறேன்."

"அப்டிலாம் நேர்ல குடுக்க மாட்டாங்க மேடம். ஒரு லிங்க் அனுப்பறேன், அமுக்குங்க."

"ஏற்கெனவே கட்டிய பணத்தில் இருந்து அந்த நாலாயிரத்துத் தொள்ளாயிரத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். திருப்பித் தரப்போகிற பணம்தானே?"

அதைக் கேட்டதும் குரல் மாறியது. "பணம் கட்டலன்னா ஆர்டர் கேன்சல். கட்டுன காசும் போயிடும், சொல்லிட்டேன்."

"உன் பெயர் என்னப்பா?"

வைத்துவிட்டான். முனியம்மாள் கேட்டாள்: "யாரும்மா அவன், மொதல்ல மேடம் மேடம்னு தேனா ஊத்திக்கினு இருந்தான், அப்பறம் வள்ளுனு வுழுவறான்?"

சம்பந்தி, நான் மறுத்ததால் அடுத்து உங்களைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு பைசா கட்டாதீர்கள். திரும்பத் தருகிறோம் என்று சொல்லிக் கேட்கிற எந்தப் பணமும் திரும்பாது. சைபர் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்து, எந்த வங்கியிலிருந்து எப்போது எவ்வளவு போனது என்று சொல்லுங்கள். ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். உங்களைப் போனில் ஐந்து முறை கூப்பிட்டேன், நீங்கள் எடுக்கவில்லை. சுபாஷ்ரீயிடமும் சொன்னேன். "மாமா உன் பேரச் சொன்னாலே எழுந்து போயிடறாரும்மா" என்றாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

ஏலவார்குழலி


காஞ்சிபுரம்
16.10.2024

சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்குள் அவர்கள் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். கட்டிவிட்டேன். திரும்ப வந்துவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். நேற்று இன்னொரு சார்ஜ் கேட்டார்கள், இன்ஷூரன்ஸ் என்று. அதையும் கட்டினேன். முதலில் கட்டியது போய்விடக் கூடாதே.

நீங்கள் எழுதுவது சரியாகவே இருக்கலாம். ஆனால் என் நிலைமையையும் பாருங்கள். சனிக்கிழமை எங்கள் பக்கம் கூலி நாள். ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு வீட்டுக்காரர்களும் என் வீட்டுக்கு வந்து, என் எதிரில் பணம் அனுப்புவதாகப் பேச்சு. அவர்களில் தாமோதரன் தன் பெண்ணுக்குக் காலேஜ் சேர்ந்த பரிசாக வாங்குகிறான். இத்தனை நாள் நான்தான் அவர்களுக்கு ஆசை காட்டினேன். இப்போது போய் வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். பன்னீர் ஏமாந்தான் என்று தெரு முழுக்கச் சிரிக்கும். நாளைக்கு ஒரு தறிக்காரன் என்னிடம் நூல் வாங்கும்போது என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பான். எனக்கு அறுபத்து நான்கு வயது.

ஒருவேளை போன் வந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை வரை பார்க்கலாம். தயவு செய்து இனி எழுதாதீர்கள். தபால்காரர் வந்தாலே அம்முலு என் முகத்தைப் பார்க்கிறாள்.

பன்னீர்செல்வம்


உத்திரமேரூர்
18.10.2024
விரைவுத் தபால்

சம்பந்தி அவர்களுக்கு,

எழுதாதீர்கள் என்றீர்கள். எழுதுகிறேன்.

டில்லிக்கு நான் அனுப்பிய பதிவுத் தபால் இன்று காலை திரும்பி வந்தது. உறையை இத்துடன் வைத்திருக்கிறேன். பிரிக்கவில்லை. பின்பக்கம் பாருங்கள். அந்த ஊர்த் தபால்காரர் நீல மையால் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து வைத்திருக்கிறார். இந்தியில் இருக்கிறது. பொருள்: அப்படி ஒரு முகவரியே இல்லை. கதவு பூட்டியிருந்தால் ஒரு மாதிரி எழுதுவார்கள். ஆள் வீடு மாறியிருந்தால் வேறு மாதிரி எழுதுவார்கள். இது அவர் தெரு முழுக்க நடந்து பார்த்துவிட்டு எழுதியது. நான் இருபத்தாறு வருடம் பார்த்த கைகள் இவை. பொய் எழுத அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை.

சரிகையைச் சுரண்டிப் பார்த்தாகிவிட்டது, சம்பந்தி. உள்ளே சிவப்பு இல்லை.

தெரு சிரிக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு ஒரு வழி சொல்கிறேன். அந்தப் போன் என் பெயரில், என் விலாசத்தில் வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்ததும் இந்த உறையைக் காட்டி, "உத்திரமேரூர் சம்பந்தியம்மா ஏமாந்துட்டாங்க" என்று சொல்லுங்கள். கான்வென்டில் படித்தவள், தபால் ஆபீசில் இருந்தவள், எல்லாருக்கும் நியாயம் பேசுகிறவள், அவளே ஏமாந்தாள் என்று சொல்லுங்கள். நன்றாகச் சிரிக்கட்டும். நான் மறுத்துச் சொல்ல மாட்டேன். சுபாஷ்ரீயிடமும் சொல்ல மாட்டேன்.

என் வாழ்க்கையில் என் பெயரை நான் யாருக்கும் இப்படிக் கொடுத்ததில்லை. உங்களுக்குக் கொடுக்கிறேன் என்றும் நினைக்க வேண்டாம். ஒரு வாரக் கூலியைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் வாசலில் நிற்கப்போகும் பதினோரு வீட்டுக்குக் கொடுக்கிறேன்.

தலை தீபாவளிக்குப் பிள்ளைகளை அனுப்பினாலும் சரி, அனுப்பாவிட்டாலும் சரி. இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

ஏலவார்குழலி


காஞ்சிபுரம்
21.10.2024

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

நேற்று நடந்ததை எழுதுகிறேன். மறைக்காமல் எழுதுகிறேன்.

எட்டு மணிக்கே எல்லாரும் வந்துவிட்டார்கள். கூடத்தில் பாய் போட்டு உட்கார்ந்தார்கள். அம்முலு எல்லாருக்கும் டீ கொடுத்தாள். தாமோதரன் போனை எடுத்து வைத்துக்கொண்டு, "இன்னாண்ணா, நீ ஊன்னு சொன்னா அமுக்கிடுவேன்" என்றான். நான் உங்கள் உறையை எடுத்துப் பாய் நடுவில் வைத்தேன். வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். நீங்கள் சொல்லிக் கொடுத்ததைத்தான் சொல்ல ஆரம்பித்தேன். "எங்க சம்பந்தியம்மா, உத்திரமேரூர்ல" என்பது வரை வந்துவிட்டேன்.

அம்முலு டீத் தட்டோடு நின்றுகொண்டு என்னையே பார்த்தாள். சுபாஷ்ரீ சமையலறை வாசலில் நின்றது. ஆரம்பித்த வாக்கியத்தை அங்கேயே விட்டேன்.

"ஏமாந்தது நான்தான்" என்று சொன்னேன். "சம்பந்தியம்மா மொதல்லியே சொன்னாங்க. நான்தான் கேக்கல. மூணு தபா பணம் கட்டிக்கிறேன்."

முதலில் தாமோதரன்தான், "அட இன்னாண்ணா நீ! சரிகைய மோந்து பாத்தே எந்த ஊர் சரக்குன்னு சொல்லுவியே, இத போய் நம்பிக்கினியே" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான் பயந்த சிரிப்புதான். ஆனால் பயந்த அளவுக்கு இல்லை. சிரித்துக்கொண்டே போனை ஒவ்வொருவராகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்கள். அதைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. கடைசியாகப் போனவர், நாளைக்குத் தறிக்குப் பாவு நூல் எடுக்க வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

உங்கள் மாப்பிள்ளை நந்தகுமாரே 1930க்குப் போன் போட்டு எல்லா விவரத்தையும் சொன்னான். கடைசியாகக் கட்டியது மட்டும் வங்கியில் நின்றிருக்கலாம் என்கிறார்கள். முதலில் கட்டியது போனது போனதுதான் போலிருக்கிறது. இன்று போலீஸ் ஸ்டேஷனில் என் பெயரிலேயே எழுதிக் கொடுத்தேன். போன் வைத்த பிறகு நந்தகுமார், "எனக்கு எதுக்கு நைனா போனு? இருக்கறது நல்லாத்தானே கீது" என்றான். முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். "நீ கேட்டியா?" என்றான்.

அம்முலு உங்களிடம் ஒன்று சொல்லச் சொன்னாள். "மனசு இல்லைன்னா" என்று அன்றைக்குச் சொன்னதை மனதில் வைக்க வேண்டாம் என்றாள்.

பிள்ளைகளை அனுப்புவது பற்றி நான் எழுதினால் நன்றாக இருக்காது. அனுப்ப மாட்டேன் என்று எழுதியதும் இந்தக் கைதான். நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

பன்னீர்செல்வம்


உத்திரமேரூர்
23.10.2024

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். என் பெயரைக் கொடுத்தேன், நீங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. இந்தக் கல்யாணத்தில் எனக்கு வந்த சீர் அதுதான். நான் கேட்காமல் வந்தது.

இப்போது என் பக்கத்தைச் சொல்கிறேன். மாப்பிள்ளைக்கு வேட்டி, சட்டை, சுபாஷ்ரீக்குப் புடவை. அதற்குமேல் தலை தீபாவளிக்கு இந்த வீட்டில் சீர் கிடையாது. இந்த வருடமும் கிடையாது, இனி எந்த வருடமும் கிடையாது. உங்கள் அண்ணன் வீட்டில் யாராவது கேட்டால், உத்திரமேரூர்க்காரி கொடுக்க மறுத்தாள் என்று சொல்லுங்கள். அது உண்மை, அதனால் தாராளமாகச் சொல்லலாம்.

முப்பதாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் பிள்ளைகள் இங்கே இருக்க வேண்டும். உங்கள் ஊரிலிருந்து பஸ் அடிக்கடி இருக்கிறது, தாமதத்துக்குக் காரணம் சொல்ல முடியாது. நீங்களும் அம்முலுவும் கூட வர வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் வருவது முறை இல்லை என்பீர்கள். அன்றைக்கு என் வீட்டில் என்ன முறை என்பதை நான் சொல்கிறேன். தீபாவளி அன்று காலை நான்கு மணிக்கு எழுப்புவேன். எண்ணெய் நானே தேய்ப்பேன். முனியம்மாள் உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறாள். "டில்லிக்காரனுக்கு மூணு தபா மொய் எழுதுன மவராசன் யாரு?" என்று கேட்பாள். நான் தடுக்க மாட்டேன்.

இந்தக் கடிதத்தைச் சாதாரணத் தபாலில் அனுப்பவில்லை. பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையுடன் அனுப்புகிறேன். தபால்காரர் நீட்டும் இடத்தில் நீங்களே கையெழுத்துப் போடுங்கள், மகனிடம் கொடுக்காதீர்கள். அட்டை எனக்குத் திரும்பி வரட்டும்.

அந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

ஏலவார்குழலி